மஞ்சள் பையும் எவர்சில்வர் தூக்கும்

(போளூரில் யூபிலி விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்கின் மாதர் சங்கத்தார் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மாதர் சங்கத்தாரும் இக்கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று எங்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது. தாய்மையின் மாண்பைப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர். குடும்ப செபத்தைப் பற்றி என்றார் மற்றொருவர். கடைசியில் எங்களுள் மூத்த அம்மா ஒருவர், "திருநாள் முடிஞ்ச மறுநாள் காலையில கோயில் வளவைப் பெருக்குறது யாரு? அதைப் பேசுங்கடி" என்றார். அத்தோடு விவாதம் முடிந்தது.

பெருக்குகிறவர்கள் நாங்கள்தாம். ஆகையால் அங்கே கிடப்பது என்ன என்பதும் எங்களுக்குத்தான் தெரியும். ஒரு திருநாளின் மறுநாள் காலையை நாங்கள் மறக்கவில்லை. டீ குடித்த காகிதக் கப்புகள், சாப்பிட்ட மினுமினுப்புத் தட்டுகள், பல்லால் கடித்துக் குடித்துவிட்டு எறிந்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள், தோரணத்திலிருந்து அறுந்து விழுந்த பிளாஸ்டிக் கொடிகள். இரவு தூறிய தூறலில் பாதி கால்வாய்க்குப் போய் அடைத்துக்கொண்டன. பாயசம் ஒட்டியிருந்த கப்பை ஒரு பசுமாடு கப்போடு சேர்த்து மென்றுகொண்டிருந்தது, விரட்டினாலும் போகவில்லை. மிச்சத்தைக் கூட்டி மூலையில் குவித்து, என்ன செய்வதென்று தெரியாமல், நாங்களே தீ வைத்துவிட்டோம். அது தவறு. அந்தக் கரும்புகை மதியம்வரை வளவை விட்டு அகலவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை இருமிய இருமல் எங்கள் காதில் இன்னும் கேட்கிறது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரித்தால் நச்சுப் புகை எழும் என்பதும், அப்படி எரிக்கச் சட்டமே இடம் கொடுக்கவில்லை என்பதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன் பிறகே விசாரிக்கத் தொடங்கினோம். விசாரித்ததில் முதலில் வெட்கம்தான் மிஞ்சியது. ஏனென்றால் அன்று நாங்கள் கூட்டி அள்ளியவற்றுள் பெரும்பாலானவை கடையில் விற்கவோ, வீட்டிலோ விழாவிலோ பயன்படுத்தவோ கூடாதவை. 2018 ஜூன் 25-ஆம் தேதி தமிழக அரசு பிறப்பித்த ஆணை, ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பொருட்களைத் தடை செய்தது. அது 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக் கைப்பை மட்டும்தான் தடை என்று நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அன்று. உணவு கட்டும் தாள், சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு, தண்ணீர்ப் பாக்கெட், உறிஞ்சு குழல், பிளாஸ்டிக் கொடி எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. "இது காகிதம்தானே அம்மா" என்று கடைக்காரர் கொடுக்கிற கப்பின் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மெல்லிய தோல் ஒன்று உரிந்து வரும். அந்தத் தோல் பிளாஸ்டிக். அது இல்லாவிட்டால் டீ கசிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். துணி மாதிரியே இருக்கும் ஒரு பை புடவைக் கடைகளிலும் பலகாரக் கடைகளிலும் வந்ததல்லவா? தொட்டால் துணிபோல இருக்கும். நெய்தது அன்று, அழுத்தி ஒட்டியது. அதுவும் பிளாஸ்டிக்தான், அதே 14-இல் அதுவும் ஒன்று. ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த நாமே அதைத் துணி என்று நம்பி ஏமாந்தோம் என்றால், மற்ற ஊரார் ஏமாந்ததில் வியப்பென்ன? கண்டுபிடிக்க எளிய வழி, ஓரத்தில் ஒரு நூலை இழுத்துப் பார்ப்பது. நெய்த துணியானால் பாவு நூலோ ஊடை நூலோ ஒன்று உருவிக்கொண்டு வரும். இதில் எதுவும் வராது, கிழியத்தான் கிழியும்.

எங்கள் அம்மாமார் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கல்யாணப் புடவை எடுக்கப் போனால் கடையின் பெயர் அச்சடித்த மஞ்சள் துணிப்பை ஒன்று கூடவே வரும். கல்யாண வீட்டுத் தாம்பூலமும் மஞ்சள் பையில்தான் வரும். மணமக்கள் பெயரும் தேதியும் அதில் சிவப்பு எழுத்தில் இருக்கும். அந்தப் பை புடவையோடும் தேங்காயோடும் முடிந்துபோவதில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு சுமக்கும். சந்தைக்குக் கத்தரிக்காய் சுமக்கும். வீட்டுப் பத்திரங்களைப் பெட்டிக்குள் காக்கும். எழுத்து அழிந்து சாயம் போன பிறகு அடுப்பங்கரையில் பிடிதுணியாகி, அங்கேயே தன் காலத்தை முடிக்கும். கறிக்கடைக்குத் தூக்கு போகும். எண்ணெய்க்குக் குப்பி போகும். பூ மந்தாரை இலையில் வாழைநார் கட்டி வரும். கோலி சோடாவைக் கடையிலேயே குடித்துவிட்டுப் பாட்டிலை வைத்துவிட்டு வருவோம். வீட்டுக்கு எடுத்துப்போவதானால் கடைக்காரர் பாட்டிலுக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்.

எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டுவது நமக்கெல்லாம் தெரியும். இன்னார் திருமணப் பரிசு, இன்ன தேதி என்று அடிப்பாகத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். பெயர் எதற்கு? பாத்திரம் வீட்டை விட்டு வெளியே போகும், போனது திரும்பி வர வேண்டும் என்பதற்காக. பக்கத்து வீட்டுக்குக் குழம்போடு போன தூக்கு மறுநாள் வெறுமையாக வராது. அவர்கள் வீட்டுக் கொழுக்கட்டையோ முருங்கைக்கீரையோ அதில் வரும். தறி வீடுகளில் தார் சுற்றும் சின்னக் குழலைப் பார்த்திருப்பீர்கள். நூல் தீர்ந்ததும் அதைத் தூக்கி எறிகிறவர் உண்டா? மறுபடி நூல் சுற்றி, மறுபடி நாடாவுக்குள் போட்டு, ஒரு புடவைக்குள் எத்தனை முறை போய் வருகிறது அது! பொருள் என்பதே போய் வருவது என்றுதான் நம் வீடுகளில் பழகியிருந்தோம். போனால் வராத பொருள் நமக்குப் புதிது.

அந்தப் புதுப்பொருளின் கதையும் விசித்திரமானது. பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்தது. கைப்பிடியோடு ஒரே தாளில் வெட்டிய கைப்பையைச் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் தூலின் வடிவமைத்தார். 1965-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுகின்றனவே, இது வலுவாயிருப்பதால் பலமுறை பயன்படுமே என்று அவர் கருதியதாகவும், மடித்த பை ஒன்றை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்ததாகவும் அவருடைய மகன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஆக, கண்டுபிடித்தவரே அதை எறிய வேண்டும் என்று நினைக்கவில்லை. எறியக் கற்றுக்கொண்டவர்கள் நாம்.

அப்படியானால் மஞ்சள் பைக்குத் திரும்பிவிட்டால் போதுமா? 2021 டிசம்பர் 23-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைச் சென்னையில் தொடங்கி வைத்தார். 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது. ஒரு காலத்தில் மஞ்சள் பையோடு பட்டணம் போனவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த அதே பட்டணம் அது! கேலி நின்றது நல்லதே. ஆனால் நாங்கள் சங்கத்தில் ஒரு காரியம் செய்து பார்த்தோம். அவரவர் வீட்டிலுள்ள துணிப்பைகளை எண்ணி வரும்படி சொன்னோம். ஒருவர் வீட்டில் 11. ஒருவர் வீட்டில் 14. ஒருவர் எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார். அத்தனையும் பீரோவுக்கு அடியில் மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தன. அந்த வாரம் காய்கறி எதில் வாங்கி வந்தீர்கள் என்று கேட்டோம். தலை குனிந்து சிரித்தார்கள். "கவர்லதான்."

இது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் அன்று. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்க, நெய்ய, சாயம் போட எல்லாவற்றுக்கும் செலவுண்டு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் துறை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமடைதல் என்ற ஒரு கணக்கில் மட்டும் பார்த்தால், ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரம் ஒருமுறை சந்தைக்குப் போகிறவருக்கு அது இரண்டரை ஆண்டு. தினமும் கடைக்குப் போகிறவருக்கு நான்கு மாதம் சொச்சம். இக்கணக்கைப் பார்த்து, "பார்த்தீர்களா, பிளாஸ்டிக்கே மேல்" என்று சொல்கிறவர்களும் உண்டு. கால்வாய் அடைப்பும் மாட்டின் வயிறும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒரே ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை செய்து எடுத்தார்கள். பாயசக் கப்பை மென்ற அந்த மாடு எங்கள் கண்முன் வந்து நின்றது.

ஆனாலும் 131 என்ற எண்ணில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பீரோவுக்கு அடியில் தூங்கும் 14 பைகளால் ஒருவருக்கும் நன்மை இல்லை. அவை நல்ல பெயர் கொண்ட வீண்செலவு. ஆகையால் யூபிலி நினைவாக வீட்டுக்கொரு புதுத் துணிப்பை அச்சடித்துக் கொடுக்கலாம் என்று விழாக் குழுவில் யோசனை வந்தபோது, வேண்டாம் என்று சொன்னவர்கள் நாங்கள்தாம். சிலருக்கு வருத்தம். விழா என்றால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்றார்கள். புதுப் பைக்குப் பதிலாக ஓர் ஆணி அடித்துக்கொள்ளுங்கள் என்கிறோம். வாசற்படி ஓரத்தில், செருப்பு மாட்டும்போது கண்ணில் படுகிற உயரத்தில் ஓர் ஆணி. அதில் ஒரு பை. கடைக்குப் போய் வந்து சாமானைக் கொட்டியதும் பை அடுப்பங்கரையில் தங்காமல் அதே ஆணிக்குத் திரும்ப வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவது பையை வண்டிப் பெட்டியிலேயே வைக்கட்டும். சங்கத்தில் நாங்கள் இப்படிச் செய்து சில மாதங்கள் ஆகின்றன. மறதி முழுவதும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது.

பழைய வேட்டியிலும் நைந்த பருத்திப் புடவையிலும் பை தைத்துக்கொண்டால் புதுத் துணியே வேண்டியதில்லை. துணியை இரட்டையாக மடித்துத் தையுங்கள். கைப்பிடியைப் பையின் வாயோடு நிறுத்தாமல், நாடாவை அடிவரை கொண்டுபோய்ச் சுற்றித் தைத்தால் ஐந்து கிலோ அரிசியானாலும் பிய்ந்து வராது.

ஞாயிறு பூசை முடிந்து கறிக்கடைக்குப் போகிறவர்களுக்குத் தூக்குதான் சரி. கறுப்புக் கவரை எலும்பு குத்திக் கிழித்து, வழியெல்லாம் இரத்தம் சொட்ட வருவதைவிட மூடி போட்ட தூக்கு எவ்வளவோ கௌரவம். ஓட்டலில் கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி நூலால் கட்டித் தருகிறார்களே, அதற்கும் தூக்குதான் மருந்து. சூடும் பிளாஸ்டிக்கும் சேரக் கூடாது. 2020-இல் கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு ஒன்றைச் சொல்கிறோம். காகிதக் கப்பில் 100 மில்லி லிட்டர் சூடான திரவத்தை ஊற்றி 15 நிமிடம் வைத்தால், உட்பூச்சிலிருந்து ஏறத்தாழ 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றனவாம். உடம்புக்குள் அவை என்னென்ன செய்யும் என்பதை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அவசரம் நமக்கு வேண்டாம்.

பொருள் திரும்பி வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டு வந்த இடம் அவ்வளவு நல்ல இடமல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். நீலகிரி மாவட்டத்தில் 2022-இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயையும் திருப்பித் தந்தார்கள். காட்டிலும் ஓடையிலும் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்த பாட்டில்கள் பெரும்பாலும் கடைக்கே திரும்பின. மதுவைப் பற்றி மாதர் சங்கத்தின் கருத்து உங்களுக்குத் தெரியும், அது மாறவில்லை. குடித்தவர்களே பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்றால் நம்மால் தட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாதா என்றுதான் கேட்கிறோம்.

இப்போது தட்டுக்கு வருகிறோம். யூபிலி விருந்தில் காகிதத் தட்டும் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் இல்லாமல், எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வைக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். வாழையிலை கிடைத்தால் அது இன்னும் மேல். அதுவும் ஒருமுறைதான் பயன்படுகிறது என்றாலும் மாட்டுக்குத் தீனியாகும், மண்ணுக்கு எருவாகும். இதைக் கேட்டவுடன் இரண்டு எதிர்ப்புகள் எழுந்தன. இரண்டும் நியாயமானவை.

முதலாவது, கழுவுவது யார்? இதை எழுப்பியவர்கள் எங்கள் சங்கப் பெண்களே. காகிதத் தட்டு வந்தபோது முதலில் மகிழ்ந்தவர்கள் பெண்கள்தாம். ஏன் மகிழ மாட்டார்கள்? ஊரே உண்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது, கிணற்றடியில் குந்தி இருட்டும்வரை பாத்திரம் துலக்கியவர்கள் அவர்கள். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி அந்தப் பெண்களை மறுபடி கிணற்றடிக்கு அனுப்புவதாயிருந்தால் அந்த ஏற்பாட்டுக்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, குப்பையைப் பிரிப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களைப் படைப்பின்மீதுள்ள அன்பின் செயல்களாகக் குறிப்பிட்டார். அந்தச் சிறு செயல்கள் பெண்களுக்கு மட்டும் உரியவை என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. அவர் கிளைக் கிராமத்தவர். மற்றவர்கள் போன பிறகு எங்களிடம் தனியாகச் சொன்னார். "டம்ளர்னு சொல்றீங்க. எங்க காலத்துல டீக்கடையில எங்களுக்குன்னு தனி டம்ளர் வெளியில தொங்கும்மா. காகிதக் கப்பு வந்தப்ப, எல்லாருக்கும் ஒரே கப்புன்னு எங்களுக்கு நிம்மதியா இருந்துச்சு." அவர் சொன்னதற்கு எங்களிடம் பதில் இல்லை. இரட்டைக் குவளை என்பது நம் தமிழ்நாட்டுச் சரித்திரம். காகிதக் கப்பு வந்த பிறகும், சிலருக்குக் கண்ணாடிக் கிளாசும் சிலருக்கு மட்டும் காகிதக் கப்புமாக அதே பழக்கம் சில ஊர்களில் தொடர்ந்ததைக் கள ஆய்வாளர்களும் பத்திரிகைகளும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகையால் பழைய காலம் எல்லாம் பொற்காலம் என்று பாட நாங்கள் இங்கே வரவில்லை. அந்தக் காலத்துத் தூக்கு திரும்பி வரட்டும். அந்தக் காலத்து டம்ளர் வழக்கம் ஒருபோதும் வர வேண்டாம்.

இவ்விரண்டையும் மனத்தில் வைத்துத்தான் ஏற்பாட்டை வகுத்திருக்கிறோம். முந்தைய விழாக் கணக்கில் காகிதத் தட்டு, கப்பு, தண்ணீர்ப் பாக்கெட் என்று மூன்று வரிகள் இருக்கின்றன. அந்தப் பணத்தோடு சங்கத்தின் சேமிப்பையும் சேர்த்து 300 தட்டும் 300 டம்ளரும் வாங்குவது. பந்தி பந்தியாக உட்காருவதால் 300 போதும். எல்லாம் ஒரே அளவு, ஒரே வார்ப்பு, ஒரே அடுக்கு. யார் வந்தாலும் மேலே இருக்கிற தட்டை எடுக்க வேண்டியதுதான். அடியில் பங்கின் பெயர் மட்டும் வெட்டப்படும். உபயதாரர் பெயர் வெட்டப்பட மாட்டாது. டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதி வைக்கும் அன்பர்கள் இந்த ஒருமுறை எங்களை மன்னிக்க வேண்டும்.

கழுவுவதற்குக் கிணற்றடியில் நான்கு அண்டாக்கள் வைக்கப்படும். முதலாவதில் மிச்சத்தைத் தட்டுவது. இரண்டாவதில் பாத்திரப் பொடி. மூன்றாவதில் நல்ல தண்ணீர். நான்காவதில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். உண்டவர் அவரவர் தட்டை அவரவரே கழுவி அடுக்கில் கவிழ்க்க வேண்டும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் இளைஞர் மன்றத்தார் கழுவித் தருவார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டு, பதினெட்டு பேர் பெயரும் கொடுத்துவிட்டார்கள். பங்குத் தந்தை அவர்கள் தம் தட்டைத் தாமே கழுவுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பந்தல் தோரணத்துக்குத் தையற்கடைத் துண்டுத் துணிகளைச் சேர்த்து வருகிறோம். வீட்டில் வண்ணத் துணி மிச்சம் இருப்பவர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். விழா முடிந்தபின் தட்டுகள் பூட்டிக் கிடக்கக் கூடாது. பங்கில் யார் வீட்டுக் கல்யாணமானாலும், கருமாதியானாலும், வாடகை இல்லாமல் எடுத்துப் போகலாம். எண்ணிக் கொடுப்போம், எண்ணி வாங்குவோம்.

விருந்தன்று மிஞ்சுகிற சோற்றையும் குழம்பையும் கவரில் கட்டித் தர மாட்டோம். வேண்டியவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு தூக்கு எடுத்து வாருங்கள். மறந்துவிட்டால் சங்கத்து அலமாரியில் பத்துத் தூக்குகள் இருக்கும். அடுத்த ஞாயிறு பூசைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். வெறுமையாகக் கொண்டுவந்தாலும் சரி, கொழுக்கட்டையோடு கொண்டுவந்தாலும் சரி.